புனோம் பென் கொலைக்களங்களுக்குப் போகிறவர்களுக்கு: நெல்லையிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

கம்போடியாவில் அங்கோர்வாட் பார்க்கப் போகிற கூட்டம் நம் பக்கத்திலிருந்து இப்போது நன்றாகவே கூடிவிட்டது. விஷ்ணு கோயில், பாற்கடல் கடைகிற சிற்பம் என்று சொல்லித்தான் டூர்காரர்கள் ஆள் சேர்க்கிறார்கள். அவர்கள் கொடுக்கிற திட்டத்தாளை வாங்கிப் பாருங்கள், தலைநகர் புனோம் பென் நாளுக்கு நேரே "அரண்மனை, கொலைக்களம், மார்க்கெட், படகு சவாரி" என்று ஒரே வரியில் போட்டிருப்பார்கள். அந்த வரியில் இரண்டாவதாக வருகிற இடத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

துட்டி வீட்டுக்கு, அதாவது சாவு வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போகிற மாதிரி போக வேண்டிய இடம் அது. அவ்வளவுதான் என் கட்சி. துட்டி கேட்கப் போகும்போது என்ன உடுத்துவது, எங்கே உட்காருவது, எதைக் கேட்கக்கூடாது, எப்போது எழுந்திருப்பது என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை, ஆனாலும் வண்ணார்பேட்டையானாலும் வள்ளியூரானாலும் எல்லாருக்கும் தெரியும். அதை விமானம் ஏறுகிற இடத்திலேயே விட்டுவிடாமல் கூடவே கொண்டுபோனால் பாதி வேலை முடிந்தது. மீதி டிக்கெட், விசா, வெயில், அப்புறம் கொஞ்சம் சரித்திரம்.

முதலில் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதைச் செய்யாமல் போனால் அங்கே பார்ப்பது வெறும் எலும்பும் பழைய கட்டிலும்தான். குறைந்தபட்சம் இவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்.

1975 ஏப்ரல் 17 அன்று போல் பாட் தலைமையிலான கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படை புனோம் பென்னைப் பிடித்தது. பிடித்த கையோடு ஊரையே காலி செய்ய ஆரம்பித்தார்கள், ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களைக்கூட விடவில்லை, சிலரைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். பணம் கிடையாது, சந்தை கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது, புத்த விகாரைகள் மூடப்பட்டன, பட்டணத்துக்காரர்கள் எல்லாரும் வயலுக்கு. படித்தவன், பழைய அரசாங்கத்தில் வேலை பார்த்தவன், அந்நிய மொழி தெரிந்தவன் என்றால் சந்தேகப் பட்டியலில் முதல் ஆள். 1979 ஜனவரி 7 அன்று வியட்நாம் படை நகருக்குள் வரும்வரை இது நடந்தது. மூன்று வருஷம், எட்டு மாதம், இருபது நாள் என்று அந்த ஊர்க்காரர்கள் ஒரே மூச்சில் சொல்வார்கள். அதற்குள் செத்தவர்கள் 17 லட்சத்திலிருந்து 20 லட்சம் பேர் என்பது பொதுவாக ஏற்கப்படும் கணக்கு. நாட்டின் மொத்த ஜனத்தொகையே அப்போது 80 லட்சத்தை ஒட்டித்தான் இருந்தது. எல்லாரும் கொலை செய்யப்பட்டவர்கள் அல்ல. பட்டினி, மலேரியா, ஓயாத வேலை, இவை கொண்டுபோனவர்கள் ஏராளம்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டு போங்கள், ஏனென்றால் குழுவில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: கெமர் (கம்போடியாவின் பெரும்பான்மை இனம்) மக்களை கெமர் மக்களே கொன்றதை எப்படி இனப்படுகொலை என்பது? கேள்வியில் நியாயம் உண்டு. ஐக்கிய நாடுகள் சபையின் துணையோடு புனோம் பென்னில் நடந்த சிறப்பு நீதிமன்றம் 2018-இல் இனப்படுகொலை என்று தீர்ப்பெழுதியது சாம் முஸ்லிம்களுக்கும் அங்கே வாழ்ந்த வியட்நாமியர்களுக்கும் நடந்ததைத்தான். மற்றதெல்லாம் மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்ற பிரிவில் வந்தது. சட்டத்தின் கணக்கு அப்படி, ஊர் மக்களின் பேச்சில் எல்லாம் ஒன்றுதான். போல் பாட் இந்தக் கூண்டில் ஏறவே இல்லை, 1998-லேயே செத்துப்போனான். இத்தனை பெரிய கொடுமைக்கு அந்த நீதிமன்றம் கடைசிவரை தண்டித்தது மூன்றே மூன்று பேரை.

எப்போது போவது, எப்படிப் போவது

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஏப்ரல் வெயில் நம் அக்னி நட்சத்திரத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை, திறந்த வெளியில் நடக்க வேண்டிய இடம் என்பதால் வயசானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் யோசிக்கவும். மே 20 அங்கே நினைவு நாள், கொலைக்களமான சோங் எக்கில் சடங்கும் நிகழ்ச்சியும் நடக்கும். புரட்டாசியை ஒட்டி ப்சும் பென் என்று பதினைந்து நாள் முன்னோர் வழிபாடு வரும், ஏறக்குறைய நம் மகாளய பட்ச நாட்கள்தான். அப்போது விகாரைகளில் சோற்று உருண்டை வைப்பார்கள், கேட்க ஆளில்லாமல் செத்தவர்களுக்கும் சேர்த்து. மகாளய அமாவாசைக்குப் பாபநாசத்தில் ஆற்றில் இறங்கி எள்ளும் தண்ணீரும் இறைக்கிறவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் திருவிழாவின் கடைசி நாட்களில் பாதி நகரம் சொந்த ஊருக்குக் கிளம்பிவிடும், கடைகள் அடைத்திருக்கும், பஸ்ஸில் இடம் கிடைக்காது. தெரிந்தே போங்கள்.

நெல்லையிலிருந்து போகிறவர்களுக்கு இரண்டு வழி கைக்கு எட்டும். வேய்ந்தான்குளம் புதிய பஸ் நிலையத்திலிருந்து நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம், அங்கிருந்து கோலாலம்பூர், அப்புறம் புனோம் பென். இல்லையென்றால் திருச்சியிலிருந்து கோலாலம்பூர். நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னை போய் ஏறுவதும் உண்டு, ஆனால் டிக்கெட் விலையில் பெரிய லாபம் இல்லாவிட்டால் அந்தச் சுற்று எதற்கு? புனோம் பென்னில் 2025 செப்டம்பரிலிருந்து புதிய விமான நிலையம் ஓடுகிறது, டெச்சோ என்று பெயர். பழையது போல ஊருக்குள் இல்லை, தெற்கே கொஞ்சம் தூரம் தள்ளி இருக்கிறது. பழைய வீடியோக்களைப் பார்த்து டாக்ஸிச் செலவைக் கணக்குப் போடாதீர்கள். தாய்லாந்து வழியாகத் தரைமார்க்கம் போகலாம் என்று யாராவது சொன்னால், 2025 எல்லைச் சண்டைக்குப் பிறகு நிலைமை என்ன என்று விசாரிக்காமல் கிளம்பாதீர்கள்.

விசாவை ஆன்லைனில், அரசாங்கத் தளத்தில் மட்டும் எடுங்கள். 30 டாலரை ஒட்டி ஆகும், அதே மாதிரி பெயர் வைத்துக்கொண்டு இரட்டிப்பாக வாங்குகிற தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும். இறங்குவதற்கு ஏழு நாளுக்குள் இ-அரைவல் என்ற இலவச படிவத்தையும் நிரப்ப வேண்டும்.

இளைஞர்களுக்கு, அதுவும் தனியாகப் போகிறவர்களுக்கு, ஒரு தனி வார்த்தை. டேட்டா என்ட்ரி வேலை என்று தமிழ்நாட்டுப் பையன்களைக் கம்போடியாவுக்குக் கூட்டிப்போய் ஆன்லைன் மோசடிக் கும்பலிடம் மாட்டிவிட்ட கேஸ்கள் நிறைய வந்திருக்கின்றன. அதனால் நம் விமான நிலையத்து இமிக்ரேஷனிலேயே துருவித் துருவிக் கேட்பார்கள். திரும்பி வருகிற டிக்கெட், ஓட்டல் புக்கிங், கையில் இருக்கிற பணத்துக்கு ரசீது, எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைத்திருங்கள். கோபப்பட வேண்டாம், அவர்கள் கேட்பது நல்லதுக்குத்தான்.

பணம் டாலராகவே செல்லும். ஒரு டாலருக்கு ஏறக்குறைய 4,000 ரியல், சில்லறை ரியலில் வரும். டாலர் நோட்டில் ஓரம் சின்னதாகக் கிழிந்திருந்தாலும் வாங்கமாட்டார்கள், இங்கே மாற்றும்போதே ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள்.

யாரைக் கூட்டிப்போவது

சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போகாதீர்கள். பதினாலு வயசுக்குக் கீழே வேண்டாம் என்பது என் கருத்து. அவர்கள் பயப்படுவார்கள் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, பயப்படாமல் ஓடி விளையாடுவார்கள், அது இன்னும் சங்கடம். குடும்பமாக வந்திருந்தால் ஒருவர் பிள்ளைகளோடு ஆற்றங்கரையில் இருக்கட்டும், மற்றவர் போய் வரட்டும், மறுநாள் மாற்றிக்கொள்ளலாம். துவோல் ஸ்லெங் என்ற பழைய சிறைக் கட்டடத்தில் பெரியவர்களுக்கு மாடிப்படி ஏற முடியாவிட்டாலும் தரைத்தளத்தைப் பார்த்தாலே போதும்.

சமீபத்தில் வீட்டில் துக்கம் நடந்தவர்கள் இருந்தால், வற்புறுத்தாதீர்கள்.

அந்த ஒரு நாளை எப்படி அமைப்பது

இரண்டு இடம். ஊருக்கு நடுவில் துவோல் ஸ்லெங், ஊருக்கு வெளியே 15 கிலோமீட்டரில் சோங் எக். துவோல் ஸ்லெங்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் கைதிகள் போன வழி அது. அங்கே அடைத்து, அடித்து வாக்குமூலம் எழுதி வாங்கி, அப்புறம் ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் சோங் எக்குக்குக் கொண்டுபோனார்கள். டூர் வண்டிகள் வசதிக்காக இதைத் தலைகீழாக மாற்றுவார்கள். மாற்ற விடாதீர்கள்.

காலை எட்டு மணிக்குத் துவோல் ஸ்லெங் திறக்கும்போதே போய்விடுங்கள். பதினொன்று வரை அங்கே. மதியம் ஓய்வு, உண்மையான ஓய்வு, அறைக்குப் போய் ஒரு மணி நேரம் படுங்கள். இரண்டு, இரண்டரைக்குக் கிளம்பினால் சோங் எக்கில் வெயில் தாழும்போது நிற்கலாம். அன்றைக்கு வேறு எதுவும் வேண்டாம். இரண்டு காலைப் பொழுதாகப் பிரித்துக்கொள்ள முடிந்தால் அது இன்னும் நல்லது. டூர்காரரிடம் முன்கூட்டியே பேசி அந்த நாளை மட்டும் சொந்தமாக வைத்துக்கொள்ளலாம், பெரும்பாலும் சம்மதிப்பார்கள், அவர்களுக்கு டீசல் மிச்சம்.

தோளும் முழங்காலும் மூடிய உடை. செருப்பு கழற்ற லேசாக இருக்கட்டும். வேட்டி தாராளமாகக் கட்டிப் போகலாம், யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. தண்ணீர், தொப்பி, ஒரு கைக்குட்டை.

ஊருக்குள் போக, போனில் வண்டி கூப்பிடுகிற பாஸ்ஆப், கிராப் இரண்டும் ஓடும். வந்து நிற்பது பார்த்தால் நம் பஜாஜ் ஆட்டோதான், பச்சையும் நீலமுமாக. சோங் எக்குக்குப் போகும்போது போக வர, காத்திருப்பு எல்லாம் சேர்த்து ஒரே வண்டியாகப் பேசிக்கொள்ளுங்கள். ஒன்று சொல்லிவைக்கிறேன், சில ஓட்டுநர்கள் வழியில் "துப்பாக்கி சுடுகிற இடம் ஒன்று இருக்கிறது, போவோமா" என்று கேட்பார்கள். காசு கட்டினால் நிஜத் துப்பாக்கியில் சுட விடுகிற இடம். அவர்களுக்குக் கமிஷன், அவர்களைக் குறை சொல்லவில்லை. கொலைக்களத்தைப் பார்த்துவிட்டு நேரே அங்கே போகிற வெளிநாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்காத விஷயம். வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள்.

துவோல் ஸ்லெங்

டிக்கெட் 5 டாலர், காதில் மாட்டிக்கொள்கிற ஆடியோவுக்கு இன்னொரு 5. ஆடியோவை அவசியம் எடுங்கள். தமிழில் இல்லை, ஆங்கிலம் புரியாத பெரியவர்கள் இருந்தால் நீங்கள் கேட்டுவிட்டு வெளியே மரத்தடியில் வைத்துச் சொல்லுங்கள், அறைக்குள் நின்று சத்தமாக மொழிபெயர்க்காதீர்கள்.

இது ஒரு மேல்நிலைப் பள்ளிக்கூடம். அதை மனசில் வைத்துக்கொண்டு நுழைந்தால்தான் பிடிபடும். நடுவில் முற்றம், சுற்றி மூன்று மாடிக் கட்டடங்கள், நீள வராண்டா, வகுப்பறைகள். பாளையங்கோட்டையில் படித்த யாருக்கும் அந்த அமைப்பு பழக்கமானதுதான். இதை எஸ்-21 என்று பெயர் வைத்துச் சிறையாக்கினார்கள். பொறுப்பில் இருந்த டுய்க் என்பவன் அதற்கு முன்னால் கணக்கு வாத்தியார். அவன் வழக்கின் தீர்ப்பில் ஆவணத்தோடு நிலைநாட்டப்பட்ட எண்ணிக்கை மட்டும் 12,272 பேர், உண்மையில் இதைவிட அதிகம் என்று அந்தத் தீர்ப்பே சொல்கிறது. உயிரோடு மீண்டவர்கள் என்று அறியப்பட்டவர்கள் பன்னிரண்டு பேர். டுய்க்குக் கடைசியில் ஆயுள் தண்டனை, 2020-இல் காவலில் இருக்கும்போதே செத்தான்.

முற்றத்தில் வெள்ளைக் கல்லறைகள் பதினாலு இருக்கும். வியட்நாம் படை உள்ளே வந்தபோது கிடந்த கடைசிப் பிணங்கள். யார் எவர் என்று தெரியாது.

ஏ கட்டடத்திலிருந்து ஆரம்பியுங்கள். ஒவ்வொரு அறையிலும் ஒரு இரும்புக் கட்டில், காலில் மாட்டுகிற விலங்கு, ஒரு தோட்டாப் பெட்டி. அந்தப் பெட்டிதான் கழிப்பிடம். சுவரில் ஒரு படம், அதே கட்டிலில் கிடந்த பிணத்தை அன்றைக்கு எடுத்தது. தரை கட்டம் கட்டமாகப் பதித்த பள்ளிக்கூடத் தரை. படத்திலும் அதே கட்டம், காலடியிலும் அதே கட்டம் என்பது கண்ணில் படுகிற நிமிஷம் ஒன்று வரும், அதோடு அடுத்த அறைக்குள் நுழைய மனசு வராது. நுழையாவிட்டாலும் பரவாயில்லை. எல்லா அறையும் ஒரே மாதிரிதான், எல்லாவற்றையும் பார்த்தே தீர வேண்டும் என்று கணக்கு ஒன்றும் இல்லை.

பி கட்டடத்தில் முகங்கள். சிறைக்குள் கொண்டுவந்தவுடன் ஒவ்வொருவரையும் படமெடுத்தார்கள், சட்டையில் எண் குத்தி. ஆயிரக்கணக்கில் வரிசையாக. இங்கே நம் ஆட்கள் செய்கிற தப்பு, வேகமாக நடந்துவிடுவது. அப்படி நடந்தால் ஒன்றும் மிஞ்சாது. ஒரு வரிசையைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் நின்று பாருங்கள். குழந்தையை மடியில் வைத்திருக்கிற அம்மா, சட்டை இல்லாத பையன், கேமராவைப் பார்த்து ஏனோ லேசாகச் சிரித்துவிட்ட ஆள். கைதிகளில் வெளிநாட்டவர்களும் இருந்தார்கள், இந்தியர்கள் உட்பட.

சி கட்டடத்தின் வராண்டா முழுக்க முள்கம்பி வலை. கைதிகள் மாடியிலிருந்து குதித்துச் சாகக்கூடாதாம், அதற்காக. உள்ளே வகுப்பறைக்குள் செங்கல் வைத்துக் கட்டிய அறைகள், ஒரு ஆள் காலை நீட்டப் பத்தாது. சாந்து பூசாத அவசரக் கட்டு என்று கொத்தனார் வேலை தெரிந்தவர்கள் பார்த்தவுடன் சொல்வார்கள். டி கட்டடத்தில் வான் நாத் என்ற ஓவியர் வரைந்தவை இருக்கின்றன. பிழைத்தவர்களில் அவரும் ஒருவர், போல் பாட்டின் படம் வரையத் தெரிந்ததால் விட்டுவைத்தார்கள். அவர் 2011-இல் காலமானார்.

பிழைத்தவர்கள் சிலர் வளாகத்தில் தங்கள் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது பல வருஷப் பழக்கம். இருந்தால் கும்பிடுங்கள், அங்கேயும் கைகூப்பித்தான் வணக்கம். புத்தகம் வாங்குங்கள். தோளில் கை போட்டு செல்ஃபி மட்டும் வேண்டாம்.

சோங் எக்

நுழைவு 3 டாலர், ஆடியோவோடு 6. இங்கே ஆடியோ இல்லாமல் போவது வீண், ஏனென்றால் பார்ப்பதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. முன்பு பழத்தோட்டமும் சீனர்களின் இடுகாடுமாக இருந்த நிலம். புல், குளம், மரம், மேடும் பள்ளமுமான தரை. அந்தப் பள்ளங்கள்தான் குழிகள். 129 குழிகளில் 86-ஐத் தோண்டி 9,000 பேருக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்தார்கள், மற்றதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

மரப்பாதையில் மட்டும் நடங்கள். மழைக்குப் பிறகு மண்ணிலிருந்து துணியும் எலும்புத் துண்டும் பல்லும் இப்போதும் மேலே வரும். கண்ணில் பட்டால் தொடாதீர்கள், அதைச் சேகரித்து வைக்க ஊழியர்கள் இருக்கிறார்கள்.

ஒரு மரம் வரும், மேலெல்லாம் கலர் கலராகக் கைக்கயிறு தொங்கும். பச்சைக் குழந்தைகளை அடித்துக் கொன்ற மரம் அது. வருகிறவர்கள் கையில் இருப்பதைக் கழற்றி மாட்டிவிட்டுப் போகிறார்கள். கோயில் கயிறு கட்டியிருந்தால் மாட்டலாமா என்று கேட்பீர்கள், தாராளமாக. இன்னொரு மரத்தில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள், கொல்லும் சத்தம் அக்கம்பக்கம் கேட்காமலிருக்க புரட்சிப் பாட்டு போட. அந்தப் பாட்டையும் டீசல் ஜெனரேட்டர் இரைச்சலையும் சேர்த்து ஆடியோவில் ஒரு நிமிஷம் கேட்க வைப்பார்கள். செத்தவர்கள் கடைசியாகக் கேட்டது அதுதான் என்று சொல்லிவிட்டு. அந்த இடத்தில் உட்காரப் பலகை இருந்தால் உட்கார்ந்தே கேளுங்கள்.

கடைசியாக ஸ்தூபி. 1988-இல் கட்டியது, கண்ணாடிக்குள் அடுக்கடுக்காக மண்டையோடுகள். செருப்பைக் கழற்றிவிட்டு, வெளியே விற்கிற பூவும் ஊதுபத்தியும் வாங்கி வைக்கலாம். உள்ளே இடம் ஒடுக்கம், பின்னால் ஆள் நிற்பார், ஒரு சுற்று வந்து வெளியேறிவிடுங்கள். கற்பூரம், தேங்காய் எல்லாம் கொண்டுபோக வேண்டாம்.

பேச்சும் போட்டோவும்

அந்த ஊரில் ஐம்பதைத் தாண்டிய யாரைப் பார்த்தாலும் அந்தக் காலத்தைப் பார்த்தவர் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கைடோ, இட்லி மாதிரி எதையோ அவித்து விற்கிற ஆச்சியோ, "உங்க வீட்டில் யார் போனாங்க" என்று நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். அங்கே நிற்கும்போது நமக்கு முள்ளிவாய்க்கால் நினைவு வரும், வராமல் இருந்தால்தான் அதிசயம். வரட்டும். ஆனால் கைடை நிறுத்தி நம் கதையைச் சொல்லி எண்ணிக்கையை ஒப்பிடுகிற வேலையை அங்கே வைத்துக்கொள்ள வேண்டாம், அன்றைக்குத் துட்டி அவர்கள் வீட்டில். இன்னொன்று, கெமர் ரூஜ் செய்ததை மறுத்தோ நியாயப்படுத்தியோ பேசுவது அங்கே சட்டப்படி குற்றம். நம் டீக்கடை வாதத்தை ஏற்றுமதி செய்யாதீர்கள்.

போட்டோ விஷயத்தில் பலகையில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான். துவோல் ஸ்லெங்கில் அறைகளுக்குள் எடுக்கத் தடை, சிரிக்கிற முகத்தின் மேல் குறுக்குக்கோடு போட்ட பலகையும் இருக்கிறது. எடுக்க அனுமதி உள்ள இடத்திலும் நீங்கள் ஃபிரேமுக்குள் வர வேண்டாம். 2021-இல் ஒரு வெளிநாட்டுக்காரர் அந்தக் கைதிகளின் படங்களுக்குக் கலர் பூசி, சில முகங்களில் சிரிப்பையும் சேர்த்து வெளியிட்டு, கம்போடிய அரசே கண்டித்து, எடுத்துவிட்டார்கள். நம் ஸ்டேட்டஸ் அவ்வளவு தூரம் போகாதுதான், இருந்தாலும் மண்டையோட்டுக்குக் கீழே சோகப் பாட்டு போட்ட ரீல்ஸ் வேண்டாமே.

அன்றைக்குச் சாயங்காலம்

குளியுங்கள். நமக்கு அது சொல்லாமலே வரும். லேசாகச் சாப்பிடுங்கள், இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் ஊருக்குள் இருக்கின்றன. கூட வந்தவர் பேசாமல் இருந்தால் பேச வைக்காதீர்கள், தொணதொணவென்று பேசினால் அதையும் தடுக்காதீர்கள், ஆளுக்கொரு விதம். சிலருக்கு இரண்டு நாள் கழித்துத்தான் உறைக்கும், அங்கோர்வாட் வாசலில் நின்றுகொண்டு திடீரென்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நேரம் இருந்தால், வேறு நாடு போனால்

அங்கோர்வாட் இருக்கிற சியம் ரீப்பிலிருந்தே திரும்புகிறவர்கள் அங்குள்ள வாட் த்மேய் விகாரையில் ஒரு சிறிய எலும்பு ஸ்தூபியைப் பார்க்கலாம், அரைமணி நேரம் போதும். பட்டம்பாங் போனால் புனோம் சம்பவ் மலைக்குகை இருக்கிறது, மேலிருந்து தள்ளிக் கொன்ற இடம். சாயங்காலம் வௌவால் கூட்டம் பறப்பதைப் பார்க்கவே அங்கே பெரும்பாலும் போகிறார்கள். துவோல் ஸ்லெங், சோங் எக், இன்னும் எம்-13 என்ற பழைய சிறை, மூன்றையும் 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எம்-13 கிராமப்புறத்தில் இருக்கிறது, கட்டடம் எதுவும் மிஞ்சவில்லை, முதல் தடவை போகிறவர்கள் அதை விட்டுவிடலாம்.

ருவாண்டா போகிறவர்களுக்குக் கிகாலி நினைவகம்: 1994 இனப்படுகொலையில் செத்தவர்களில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் அடக்கமான இடம், நுழைவுக்குக் கட்டணம் இல்லை. ஏப்ரல் 7-லிருந்து அங்கே நினைவு வாரம், அப்போது ஊர் முழுக்கக் கேளிக்கை நிறுத்தம், அதற்கேற்ப நடந்துகொள்ளுங்கள். போலந்தில் நாஜிகள் யூதர்களைக் கொன்ற ஆஷ்விட்ஸ் முகாமுக்கு வாரக்கணக்கில் முன்னதாகவே அவர்கள் தளத்தில் பெயர் போட்டு நேரம் வாங்க வேண்டும், பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் அப்படியே இருக்க வேண்டும் (நம் இனிஷியல் குழப்பம் அங்கே வேண்டாம்). பெரிய பையை உள்ளே விடமாட்டார்கள், வாசலில் வைக்க இடம் உண்டு. முதல் முகாமோடு திரும்பிவிடாதீர்கள், இலவச பஸ்ஸில் இரண்டாவது முகாமான பிர்கெனாவுக்கும் போய்விட்டு வாருங்கள், அதற்குத் தனியாக ஒன்றரை மணி நேரமாவது வேண்டும்.